அப்பாவின் காலில் 238 கட்டங்கள்

ஜூன் 8, திங்கள்

இந்த நோட்டில் உண்மையை மட்டுமே எழுதுவேன். நடந்ததைக் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குப் பிடிக்காத உண்மையாக இருந்தாலும் விட மாட்டேன். இப்படிக்கு, சோ. அங்கயற்கண்ணி, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.

நோட்டு போடச் சொன்னது டாக்டர் பர்வீன். ஆறாத புண்களுக்காகவே அவர் தனியாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். "தினமும் சுகர் எவ்வளவு, கட்டு எப்ப மாத்துனீங்க, எத்தனை அடி நடந்தீங்க, எல்லாம் எழுதி வரணும். யார் எழுதுவீங்க?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அது வகுப்பறை இல்லை என்பது தூக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

புண்ணின் வரலாறு பின்வருமாறு. என் அப்பா சோலைமலை மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுப்பவர். அதைவிட முக்கியமாக (இது அவர் கருத்து), தண்ணீர்த்தொட்டிப் பூங்கா நடைப்பயிற்சியாளர் நலச் சங்கத்தின் செயலாளர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. சங்கத்தின் அறிவிப்புப் பலகை பூங்காவுக்குள் இருக்கும் பிள்ளையார் கோயில் சுவரில் தொங்குகிறது. பிள்ளையார் முன்னால் ஷூவோடு நிற்கக் கூடாது என்பதால், ஜனவரி மாதம் ஒரு நாள் அப்பா ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு அறிவிப்பைக் குத்தினார். ஒரு குண்டூசி தவறி இடது ஷூவுக்குள் விழுந்தது. அதைப் போட்டுக்கொண்டு அப்பா மூன்று நாள், நாளுக்கு ஐந்து சுற்று நடந்தார். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. நாலாம் நாள் காலுறையைத் துவைக்கும்போது அம்மாதான் ரத்தத்தைப் பார்த்தாள்.

அன்று அவர் குத்திய அறிவிப்பு: "நடந்தால் நோயில்லை."

ஐந்து மாதமாகப் புண் ஆறவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தின் அடியில். அம்மா மஞ்சள் வைத்தாள். சங்கத் தலைவர் வீரணன் மாமா காப்பித்தூள் வைத்தார். டாக்டர் பர்வீன் அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, "இது காலா, மளிகைக் கடையா?" என்று கேட்டார்.

இன்று முதல் வாரம் ஒரு முறை, ஆறு வாரம், ஷாக் வேவ் சிகிச்சை.

கரண்ட் ஷாக் இல்லை, அழுத்தமான ஒலி அலை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, மிஷின் சொருகியிருந்த பிளக் பாயிண்ட்டைச் சோதித்தார். மஞ்சள் பையிலிருந்து மின்வாரிய ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ் டாக்டர். ஒரு தடவ கூட வாங்குனதில்ல. அந்தப் பேரு கெட்றக் கூடாது" என்றார்.

"கையில இல்ல சார், கால்லதான் வைக்கப் போறேன்" என்றார் டாக்டர்.

புண்ணின் மேல் ஒரு மெல்லிய உறையை ஒட்டி, பசை மாதிரி ஒன்றைத் தடவி, கைப்பிடி போன்ற கருவியை வைத்தார். டக் டக் டக் டக் என்று மரங்கொத்தி போலச் சத்தம். மிஷினில் எண் ஓடியது. ஐந்நூறு தட்டு. அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முடிந்ததும், "ஐந்நூறு யூனிட். மொத நூறு ஃப்ரீதான?" என்றார்.

"வலிச்சுதா?"

"இல்லையே! ஒண்ணுமே தெரியல."

"அது பெருமை இல்ல சார். அதுதான் வியாதி."

இது எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாள்பட்ட புண்ண உடம்பு கண்டுக்காம விட்டுரும்மா. மேசை மேல தூங்குற ஃபைல் மாதிரி. நாம கதவத் தட்டி, இங்க ஒரு வேல பாக்கி கெடக்குன்னு சொல்றோம். ரத்த ஓட்டம் கூடும், புதுத் தோல் வளர உதவும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. ஆனா கால ஊனி நடந்தா யாருக்குமே கேக்காது."

கண்ணாடித் தாளை உறையின் மேல் வைத்துப் புண்ணின் ஓரத்தை வரைந்து என்னிடம் கொடுத்தார். நான் அதை கிராஃப் தாளில் வைத்து எண்ணினேன். 238 சிறு கட்டங்கள். ஆறு வாரத்தில் பாதியாகாவிட்டால் விரலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

"பேசுனா கேக்குமா?" என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும்தான். 238-இல் பாதி 119.

ஜூன் 10, புதன்

காலைச் சுகர் 164. கட்டு மாற்றப்பட்டது. நடந்தது 62 அடி (கழிவறை மட்டும்).

அப்பாவுக்கு ஒரு விசேஷச் செருப்பு கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் குதிகால் பக்கம் மட்டும்தான் உயரமான அடி உண்டு. முன்பாதம் அந்தரத்தில் இருக்கும். அப்பா அதில் நிற்கும்போது எங்கேயோ எட்டிப் பார்ப்பது போலவே இருக்கிறார்.

பகலில் விளக்கு எரிந்தால் அவருக்கு ஆகாது. முன்பெல்லாம் தானே எழுந்து வந்து அணைப்பார். இப்போது கட்டிலில் இருந்தே கத்துகிறார். கட்டிலில் இருந்து சுவிட்சுக்குப் பதினொரு அடி. நடந்து எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 15, திங்கள்

224 கட்டங்கள். அப்பா மிஷினைப் பார்த்து, "இன்னைக்கும் ஐந்நூறு. மொத்தம் ஆயிரம்" என்றார். கையுறை இன்றும் போட்டிருந்தார்.

ஜூன் 17, புதன்

வீரணன் மாமா தன் டி.வி.எஸ்ஸில் வந்தார். கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் சங்கத்தின் சுற்றறிக்கையும். உடல் நலமில்லாதவரைப் பார்க்க வந்தால் ரொட்டி வாங்கி வரவேண்டும் என்பது எங்கள் ஊரில் சட்டம் போல. அதைச் சர்க்கரை நோயாளி சாப்பிடக் கூடாது என்பதால் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு மாதமாகக் காலை உணவே ரொட்டிதான்.

சுற்றறிக்கை: ஜூலை 19 பொதுக்குழு, செயலாளர் தேர்தல். விதி 7(ஆ)-வின்படி, போட்டியிடுபவர் கடைசி முப்பது நாளில் இருபத்து மூன்று நாளாவது நடந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"எவன்யா இந்த விதியப் போட்டது?"

"நீதான்யா போட்ட!" என்றார் மாமா. "தமிழரசன் சார் ஞாயித்துக்கெழம மட்டும் வாராரு, அவரு நிக்கவே கூடாதுன்னு ராவும் பகலுமா ஒக்காந்து எழுதுனியே. இப்ப அவரு தெனமும் மொத ஆளா வாராரு."

தமிழரசன் சார் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அப்பா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு மாமாவும் அவரும் ரொம்ப நேரம் கிசுகிசுவென்று பேசினார்கள். நான் அருகே போனதும் மழை வருமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

ஜூன் 19, வெள்ளி

நடந்தது 60 அடி, அப்பா சொன்னபடி.

அம்மா தினமும் ஐந்து மணிக்குக் கோலம் போட்டுவிட்டு, பால் வாங்கி, கோயிலுக்கும் போய்விட்டு ஆறேகாலுக்கு வருவாள். இன்று திரும்பி வந்தபோது கோலத்தில் ஒரு பூவை யாரோ மிதித்திருந்தார்கள். "இந்த நாய்க்கு வேற எடமே இல்லையா" என்று அம்மா திட்டினாள். நான் பார்த்தேன். வட்டமான ஒரே ஒரு குழி. நாய்க்கு நான்கு கால்கள் உண்டு என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 22, திங்கள்

201 கட்டங்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

காலைச் சுகர் 211. டாக்டர் கேட்டதற்கு, "மிஷின் தப்பா காட்டுது, கேலிப்ரேஷன் பண்ணணும்" என்றார் அப்பா.

ஜூன் 24, புதன்

சுகர் 238. (புண்ணின் முதல் அளவும் இதுவே. தற்செயல்.) நடந்தது 60 அடி, அப்பா சொன்னபடி.

விடியற்காலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வரலாறு படித்தேன். தெருவில் குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை.

ஜூன் 25, வியாழன்

அப்பா எனக்கு ஒரு பூதக்கண்ணாடி பரிசளித்தார். வீரணன் மாமா வாங்கி வந்தார். பித்தளைப் பிடி, கனமான கண்ணாடி. எறும்பின் முகம் தெரிகிறது. பிறந்தநாள் பரிசாம். என் பிறந்தநாள் பிப்ரவரியில்.

நடந்தது 60 அடி.

ஜூன் 27, சனி

அப்பாவின் சட்டைப் பையில் எண்ணெய் ஊறிய செய்தித்தாள் துண்டு இருந்தது. வாசனை: வெங்காய போண்டா. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்ததில் அது நேற்றைய தாள். விளையாட்டுப் பக்கம்.

எங்கள் வீட்டில் நேற்று போண்டா செய்யவில்லை.

ஜூன் 29, திங்கள்

219 கட்டங்கள்.

மூன்று முறை எண்ணினேன். 219-தான்.

டாக்டர் பர்வீன் மிஷினை ஆன் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "நோட்டு அறுபது அடின்னு சொல்லுது. பாதம் வேற சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதும்மா. பாதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார்.

என் காது சூடாகிவிட்டது. அப்பா கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அதன் பிறகு ஐந்நூறு தட்டு தட்டினார்கள். இந்த முறை அப்பா எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

ஜூன் 29, அதே நாள், திருத்தம்

முதல் பக்கத்தில் எழுதிய உறுதிமொழியை நான் மீறிவிட்டேன்.

ஜூன் 24 அன்று தெருவில் குறிப்பிடும்படியாக ஒன்று இருந்தது. ஐந்தரை மணிக்கு அப்பா குதிகாலால் குதித்துக் குதித்து வாசலைத் தாண்டினார். வீரணன் மாமா டி.வி.எஸ்ஸை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா பின்னால் ஏறினார். தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே ஸ்டார்ட் செய்தார்கள். ஆறு ஐந்துக்கு அதே முறையில் திரும்பினார்கள். ஏறும்போது அப்பா மேலே பார்த்தார். நான் கீழே பார்த்தேன். மறுநாள் பூதக்கண்ணாடி வந்தது.

நான் அதை வாங்கிக்கொண்டேன். எறும்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என் அப்பாவின் விரலை விற்றிருக்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அம்மா படித்தாள். நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"ஏங்க, பத்து நாளா அந்த நாயத் திட்டிக்கிட்டிருந்தேன். அதுக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீங்க வாரீங்களா, நான் மட்டும் கேக்கவா?"

"ஒரே ஒரு சுத்துதான் ஜெயக்கொடி. சுத்து முடிச்சாத்தான் கையெழுத்துப் போடலாம். அது விதி."

"போண்டாவும் விதியா?"

"அது... வழக்கம்."

ஜூன் 30, செவ்வாய்

அப்பா என்னிடம் பேசவில்லை. பூதக்கண்ணாடியை அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மாலை வந்தபோது அது என் மேசையில் இருந்தது.

"ஒன்ன யாரு கலெக்டர் ஆக்குனா?" என்றார். அவ்வளவுதான் பேசுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, மீட்டர் கணக்கைச் சொல்வது போன்ற குரலில் சொன்னார்: "நான் லீவு போட்டதும் எந்தெருவுக்கெல்லாம் வேற ஆள் போட்டாச்சு கண்ணி. அவன் நல்லாத்தான் பாக்குறானாம். பார்க்குலயும் வேற ஆள் போட்டுட்டா, நான் காலையில எந்திரிச்சு எங்கிட்டுப் போறது?"

இதற்குப் பதில் இருக்கிறதா என்று பாடப் புத்தகங்களைப் புரட்டினேன். இல்லை.

ஜூலை 1, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டு, காலை ஐந்தரை மணிக்குப் பூங்காவுக்குப் போனேன். பதினான்கு பேர் வட்டமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கை தட்டினால் ரத்த ஓட்டம் கூடுமாம். நான் வந்ததும் எனக்காகத் தட்டுவது போல ஆகிவிட்டது.

நோட்டை விரித்து நின்றபடி வாசித்தேன். 238, 224, 201, 219. நான்கு கிராஃப் தாளையும் காட்டினேன். வீரணன் மாமா என் கண்ணைப் பார்க்காமல் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அவர் ஷூவில் லேஸ் கிடையாது.

முதலில் பேசியது தமிழரசன் சார். "விதிப் புத்தகத்தக் கொண்டாங்க" என்றார். அவசரச் செயற்குழு கூட வேண்டும் என்றார். செயற்குழு எப்போதும் டீக்கடையில்தான் கூடும் என்பதால் எல்லோரும் அங்கே போனார்கள். எனக்கு ஒரு பால் வாங்கித் தந்தார்கள்.

"ஒக்காந்துருக்கறவன் எப்பிடிய்யா நடந்ததா ஆவான்?" என்றார் வீரணன் மாமா.

"வீரணன், செத்துப்போன ஆளு பேர்ல கேசு இருவது வருஷம் நடக்குது. உயிரோட ஒக்காந்துருக்கவர் நடக்கக் கூடாதா?" என்றார் தமிழரசன் சார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். திருத்தம், விதி 7(இ): "மருத்துவர் உத்தரவின்பேரில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர், அவ்வாறு உட்கார்ந்திருக்கும் வரை, நடப்பதாகவே கருதப்படுவார். எழுந்து நின்றால் அன்றைய வருகை ரத்து."

"சார், அப்பா தேர்தல்ல நின்னா நீங்க தோத்தாலும் தோத்துருவீங்களே?" என்று கேட்டேன்.

"ஆள் இல்லாத எடத்துல ஜெயிக்கிறதுக்கு ஜெயிக்காமலே இருக்கலாம்மா. அது போக, ஒங்கப்பன் எழுதுன விதி. அதுல ஓட்ட கண்டுபிடிக்கிற சந்தோசத்த நான் விடுவனா?"

ஏகமனதாக நிறைவேறியது. போண்டாவோடு கொண்டாடப்பட்டது. நான் சாப்பிட்டேன். ஒன்றரை.

ஜூலை 2, வியாழன்

சங்கம் இன்று முதல் எங்கள் தெருவில் நடக்கிறது. அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து, விசிலோடு சுற்று எண்ணினார். பதினான்கு பேரும் கோலத்தைச் சுற்றி வளைந்து போனார்கள். ஒருவர் மட்டும் மிதித்தார். அம்மா அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் எல்லோருக்கும் சர்க்கரை இல்லாத டீ, அவித்த தட்டைப்பயறு.

சுகர் 171. நடந்தது 58 அடி, நானே எண்ணியது.

ஜூலை 3, வெள்ளி

பத்துப் பேர்தான் வந்தார்கள். தட்டைப்பயறே காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூலை 6, திங்கள்

190 கட்டங்கள். டாக்டர் நோட்டைப் படித்துவிட்டுத் திருத்தம் 7(இ)-யைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். சுவரில் ஒட்டப் போகிறாராம்.

அப்பா இன்று கையுறை எடுத்து வரவில்லை. "மறந்துட்டேன்" என்றார். மறக்கவில்லை. அம்மா கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்டேன்.

ஜூலை 8, புதன்

ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம் வந்த பிறகும் எதிர்வீட்டுக்கு முன்னால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா பத்து நிமிடம் பல்லைக் கடித்துப் பொறுத்தார். பிறகு, "பட்டப் பகல்ல எரியுதே, கேக்க நாதியில்லையா!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

தமிழரசன் சார் நடந்தபடியே பேனாவைத் திறந்தார். "சோலைமலை, இன்னைக்கு ஆப்சென்ட்."

"யோவ், நிக்கத்தானய்யா செஞ்சேன்!"

"அதான் குத்தம்."

ஜூலை 12, ஞாயிறு

டாக்டர் சொல்லிக் கொடுத்ததை இன்று சங்கத்துக்கே செய்தேன். நடக்கும் முன் ஒவ்வொருவரும் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். நான் உள்ளங்காலைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். எல்லோரும் குழந்தைகள் மாதிரி வரிசையில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். கூச்சத்தில் ஒருவர் என்னை உதைத்தே விட்டார்.

ஷூக்களிலிருந்து கிடைத்தவை: கூழாங்கல் நாலு, புளியங்கொட்டை ஒன்று, சுருட்டிய பேருந்துச் சீட்டு ஒன்று (மேலூர் வரை).

வீரணன் மாமாவின் வலது ஷூவைத் தட்டினால் டிங் என்று ஒன்று விழுந்தது. ஒரு கம்மலின் திருகாணி.

"அட! இது எம்பொண்டாட்டி மூணு மாசமாத் தேடுறது! பீரோ, அரிசி டப்பா, எல்லாம் கவுத்துப் போட்டுத் தேடுனோம்" என்று மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"வீரணா. மூணு மாசமா அது மேலதான் நடந்துருக்க. தெரியலயா?"

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. மாமா தன் காலையே யாரோ வேறு ஆளின் கால் மாதிரி பார்த்தார்.

"தெரியலயே மாப்ள" என்றார்.

"நாளைக்கு எங்கூட வா."

ஜூலை 13, திங்கள்

154 கட்டங்கள். ஆறாவது சிகிச்சை. அப்பா படுத்துக்கொண்டு வீரணன் மாமாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினார்: "பயப்படாத. கரண்ட் இல்ல, சத்தம். ஒறங்குற ஆபீச எழுப்புறாங்க. எர்த்தெல்லாம் நானே செக் பண்ணிட்டேன்."

மாமாவின் காலில் புண் இல்லை, காய்ப்பு மட்டும்தான். கண்ணை மூடச் சொல்லி, டாக்டர் ஒரு நைலான் இழையால் பத்து இடத்தில் தொட்டார். மாமா நான்கு இடத்தில்தான் "ஆமா" என்றார். சுகர் பார்த்ததில் 312. சர்க்கரை நோய் இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. வெளியே வந்ததும் ரொம்ப நேரம் டி.வி.எஸ்ஸை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஒங்கம்மாவ அந்தத் தட்டப்பயிறு எப்பிடிப் பண்றதுன்னு அத்தைக்குச் சொல்லச் சொல்லு தாயி" என்றார்.

ஜூலை 19, ஞாயிறு

பொதுக்குழு பூங்காவில் நடந்தது. அப்பாவைக் காரில் அழைத்துப் போனோம். பதிவான வாக்கு 31. அப்பா 16, தமிழரசன் சார் 15. தமிழரசன் சார் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்டதற்கு, ரகசிய வாக்கெடுப்பு என்றார். சொல்லும்போது மூக்கைச் சொறிந்தார்.

புதிய செயலாளர் முதல் சுற்றைத் தலைமையேற்று நடத்த வேண்டும் என்பது விதி 9. (இதையும் அப்பாதான் எழுதினார்.) எனவே நாற்காலியோடு தூக்கினார்கள். நான்கு பேர் நான்கு கால். முன்னால் வீரணன் மாமா விசில் ஊதினார். மதுரையில், அழகர் குடியிருக்கும் சோலைமலையின் பெயர் வைத்த ஒருவரைச் சாமி மாதிரி தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. யாரோ "கோவிந்தா!" என்றார்கள். பூங்காவுக்கு வந்திருந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தண்ணீர்த்தொட்டியின் திருப்பத்தில் நாற்காலியின் பின்கால் ஒன்று படாரென்று முறிந்தது.

"காலு! காலு!" என்று அம்மா அலறினாள். அப்பா இடது காலை வானத்தை நோக்கி உயர்த்திக்கொண்டார்.

பதிவு செய்கிறேன்: பாதம் தரையில் படவில்லை. மற்ற பகுதி பட்டது.

ஜூலை 20, திங்கள்

மெதுவாக எண்ணினேன். பாதிக்கு மேல் நிரம்பிய கட்டத்தை ஒன்று என்று கொள்ள வேண்டும், குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். இதுதான் முறை.

122.

மறுபடி எண்ணினேன். 122. மூன்று அதிகம்.

அப்பா கிளினிக் கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்தார். "கண்ணி, அந்த ஓரத்துல மூணு கட்டம் பாதிதான நெறஞ்சிருக்கு?"

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல். முடியளவு மேல். அந்த மூன்றையும் விட்டுவிட்டால் 119. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பாவின் விரலைப் பார்த்தேன். நகத்தில் பழைய மருதாணிக் கறை. போன வருடம் நான் விளையாட்டுக்கு வைத்தது.

122 என்று எழுதினேன். எழுதும்போது அழுதேன். மை கலைந்திருப்பது அதனால்.

டாக்டர் பர்வீன் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விளக்கை இழுத்துப் புண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த மூணு கட்டத்துக்கா அழுத?"

நான் தலையாட்டினேன்.

"நூத்துப்பத்தொம்பதுங்கறது உன் கணக்கும்மா. பாதின்னு நான் சொன்னது ஒரு கை அளவு. இங்க வா, ஒன் கண்ணாடிய வச்சுப் பாரு. ஓரமெல்லாம் ரோஸ் கலர்ல மெலிசா ஏறுதுல்ல? அது புதுத் தோல். ஆபீஸ் தொறந்தாச்சு. வேல நடக்குது. விரலப் பத்திப் பேச வேண்டியதில்ல." அப்பாவிடம் திரும்பினார். "இன்னும் ரெண்டு தடவ தட்டுவோம். ஆனா மிஷின் மட்டும் இதச் செய்யல சார். ஒக்காந்தீங்க பாருங்க, அது செஞ்சது."

அப்பா நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "ரீடிங்க கூடவும் போடக் கூடாது, கொறச்சும் போடக் கூடாது. எம்பொண்ணு" என்றார்.

மூன்று கட்டத்தைக் குறைக்கச் சொன்னது யார் என்பதை நான் நினைவூட்டவில்லை. ஆனால் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

81. தட்டு மொத்தம் நாலாயிரம். சிகிச்சை முடிந்தது. இனி கட்டும் உட்காருதலும் மட்டும்.

ஆகஸ்ட் 17, திங்கள்

37. வீரணன் மாமாவின் சுகர் 148. அத்தை கம்மலைப் போட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 31, திங்கள்

9. ஒரு பச்சரிசி அளவு.

செப்டம்பர் 14, திங்கள்

0.

எண்ணுவதற்கு எதுவும் இல்லாத கிராஃப் தாளை நோட்டில் ஒட்டியிருக்கிறேன். புதுத் தோல் பச்சைப் பிள்ளை மாதிரி, இரண்டு வாரம் கழித்துத்தான் நடக்கலாம், அதுவும் பாதத்துக்கென்று செய்த ஷூவில், கொஞ்சம் கொஞ்சமாக என்றார் டாக்டர். ஆறிய இடம் மறுபடி திறக்கலாம், தினமும் பார்க்க வேண்டும் என்றார். நான் பார்ப்பேன்.

செப்டம்பர் 29, செவ்வாய்

இன்று இந்த நோட்டின் கடைசிப் பக்கம். காலை ஆறே முக்கால். பள்ளிக்குப் போகும் முன் முடித்துவிட வேண்டும் என்று மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சுகர் 126.

கட்டிலில் அப்பா புது ஷூவை எடுத்தார். கவிழ்த்துத் தட்டினார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். மறுபடி தட்டினார். ஒன்றும் விழவில்லை. மாட்டிக்கொண்டார்.

"பகல்ல எதுக்கு லைட்டு?" என்று கேட்டார்.

நான் எழுந்திருக்கப் போனேன். "நீ எழுது" என்றார்.

எழுந்து நின்றார். வாசலில் தமிழரசன் சார் இல்லை என்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு நடந்தார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அம்மா பால் பாத்திரத்தோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.

விளக்கு அணைக்கப்பட்டது.